திரும்பி வந்த குழாய்

“போ, போ! மாமியார் கூப்பிடறாங்க!”

குழாய் அறுக்கும் அண்ணன், தொட்டியருகே நின்ற அவளைப் பார்த்துத் தூரத்திலிருந்தே கத்தினார். கண்ணாடி அறை வாசலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் கழுவி அனுப்பிய குழாய் ஒன்று திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

“இன்னைக்குமா?” அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“வீட்டிலே மாமியார் இல்லையேன்னு கம்பெனியே உனக்கு ஒண்ணு குடுத்திருக்கு. அனுபவி!”

மண் அள்ளும் இயந்திரத்தின் கையைத் தூக்கி இறக்குகிற எண்ணெய் ஓடும் குழாய்கள் அவை. உள்ளே ஒரு துளி இரும்புத் தூள் தங்கினாலும் போச்சு, இயந்திரம் படுத்துவிடும். அதனால் முனையில் இருக்கும் பிசிறை அரம் போட்டு எடுத்து, ஆசிட் தொட்டியில் ஊறவைத்து, தண்ணீரில் அலசி, காற்றடித்து, கம்பியில் வெள்ளைத்துணி கட்டி உள்ளே விட்டு இழுப்பாள். துணி வெள்ளையாகவே வெளியே வந்தால்தான் எண்ணெய் பூசி, இரண்டு முனைக்கும் மூடி போடுவாள்.

ஆசிட் நெடிக்குப் பயந்து அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அவளும் தொட்டியும்தான். வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை. போனில் நாலு வார்த்தை பேசுவதற்குள் அவருக்குத் தூக்கம் வந்துவிடும்.

மூடி போட்ட குழாய் சுவரில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகக் கண்ணாடி அறைக்குப் போகும். உள்ளே செக்கிங் அக்கா ஒருத்திதான் இருப்பாள்; அண்ணன் சொன்ன ‘மாமியார்’ அவள்தான். தூசி வந்துவிடும் என்று வேறு யாரும் அங்கே நுழையக் கூடாது. குழாய் திரும்பினால் மட்டும், அதைக் கழுவியவர் நேரில் போய் அழுக்கு எங்கே என்று பார்த்துவிட்டு வர வேண்டும். கம்பெனி சட்டம் அப்படி.

சேர்ந்த மூன்று மாதத்தில் இருபத்திரண்டு தடவை போய்ப் பார்த்தாகிவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

“வாம்மா. உட்காரு.”

“உட்கார நேரமில்லைக்கா. எங்கே அழுக்கு?”

அக்கா டார்ச் லைட்டை நீட்டினாள். “அந்த வெல்டு வச்ச இடத்துல பாரு.”

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். உள்ளே பளபளவென்று இருந்தது.

“ஒண்ணுமே இல்லையேக்கா!”

“அவசரப்படாம பாரு. குழந்தைக்கு ஜுரம் விட்டுதா?”

“விட்டுது.”

“பல்லு முளைக்குதோ என்னமோ. கையில கிடைச்சதைக் கடிக்கிறானா?”

“அக்கா, குழாயைப் பத்திப் பேசுங்க. என்னை நிரந்தரம் பண்றதா, வேலையை விட்டு அனுப்பறதான்னு இந்த மாசக் கடைசியில மேனேஜர் முடிவு பண்ணப் போறார். நீங்க பாட்டுக்குத் திருப்பித் திருப்பி அனுப்பினா என் பொழைப்பு என்ன ஆகும்? உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?”

அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. குழாயை வாங்கி மடியில் வைத்துத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“இன்னொரு தடவை துணி இழுத்துடும்மா, போதும்” என்றாள்.

போய் இழுத்தாள். போன துணி போன மாதிரியே வெள்ளையாக வந்தது. பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. அந்தத் துணியைத் தூக்கிப் போடாமல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மாசக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டார். யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாதவள், சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். அன்றிலிருந்து பையில் சேர்த்து வைத்திருந்த எட்டுத் துணியையும் எடுத்து மேஜைமேல் பரப்பினாள்.

“நான் கழுவின குழாயில அழுக்கே இருக்காது சார். நீங்களே பாருங்க. வேணும்னே எனக்குத் திருப்பி அனுப்பி...”

“திருப்பி அனுப்பினதா?” மேனேஜர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். “உன் பேர்ல ஒண்ணுகூட எழுதலையேம்மா.”

அவள் ரிஜிஸ்டரை எட்டிப் பார்த்தாள்.

“செக்கிங் அம்மா உன்னைப் பத்தி என்ன எழுதியிருக்காங்கன்னு கேளு. ‘இந்தப் பெண் கழுவிய குழாயைத் திறந்து பார்க்கவே வேண்டாம். இனிமேல் நேராக ஸ்டோருக்கே அனுப்பலாம்.’ பதினெட்டு வருஷமா அந்த அறையில இருக்காங்க, யாருக்கும் இப்படி எழுதினதில்லை. பாவம், வீட்டுக்குப் போனாலும் ஒண்டிக்கட்டை. இங்கேயும் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது.”

போன ஒவ்வொரு தடவையும் அக்கா மறக்காமல் சொன்னது ஒரே வார்த்தைதான். உட்காரு.

ஒரு தடவைகூட அவள் உட்காரவில்லை.

மேனேஜர் பேனாவைத் திறந்தார். “உன்னை நிரந்தரம் பண்ணிக் கையெழுத்துப் போட்டுடறேன். இனிமே உன் குழாய்க்குச் செக்கிங்கே கிடையாது. சந்தோஷம்தானே?”

அவள் மேஜைமேல் கிடந்த துணிகளை அவசர அவசரமாக அள்ளிப் பைக்குள் திணித்தாள்.

“வேண்டாம் சார். என் குழாய் அந்த அறைக்கே போகட்டும்.”

பேனா அப்படியே நின்றது. “ஏன்? அழுக்கே இருக்காதுன்னு இப்பத்தானே சொன்னே?”

“எனக்கு இன்னும் சரியாக் கழுவத் தெரியலை சார்.”