மூலை இடம்

"கொன்னுட்டியேடா பாவி!"

தொழிற்சாலை வாசலிலேயே காளிதாஸின் சட்டையைப் பிடித்துவிட்டாள் ஷாமளா. கோவிட் வந்து படுத்து எழுந்தவன், அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தான். உடன் வேலை பார்த்த சாந்தினியின் கருமாதிகூட இன்னும் முடியவில்லை.

"சத்தியமா நான் அவங்க கிட்டயே போகலக்கா. சாதாரண சளின்னு நெனச்சுத்தான் வேலைக்கு வந்தேன்."

"கிட்ட போகாம எப்படிடா ஒட்டும்? உன் பக்கத்துல உட்கார்ந்த எனக்கே ஒண்ணும் ஆகல. அவகிட்ட போய்ப் பேசியிருக்க, அதான்!"

காளிதாஸ் சட்டையை விடுவித்துக்கொள்ள முயலவில்லை.

செனாய் தொழிற்பேட்டையில், கணினிப் பாகங்கள் பூட்டும் அந்தக் கூடத்துக்கு ஜன்னலே கிடையாது. காளிதாஸுக்குப் பக்கத்து நாற்காலி முதலில் சாந்தினியுடையதுதான். கிட்னி மாற்றிய உடம்பு அவளுக்கு, சின்னக் காய்ச்சலைக்கூடத் தாங்காது. அவன் இரும ஆரம்பித்ததுமே ஷாமளா சூப்பர்வைசர் ஜெயபாலனிடம் போய் நின்றாள்.

"அவளை என்னோட இடத்துக்கு அனுப்பிடுங்க சார். மூலையில யாரும் கிட்ட வரமாட்டாங்க. நான் இவன் பக்கத்துல உட்கார்ந்துக்கிறேன்."

கடைக்கோடி மூலை அது. உட்கார்ந்ததுமே சாந்தினி கைகளைத் தேய்த்துக்கொண்டாள். "என்னாக்கா இங்க இப்படிக் குளிருது!"

ஷாமளா தன் சுவெட்டரைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டாள். "குளிர் பரவால்லலா. நீ நல்லா இருந்தா போதும்."

காளிதாஸ் படுத்த கொஞ்ச நாளில் சாந்தினியும் படுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தடவை போன் செய்தாள். "அக்கா, மூச்சு முட்டுதுக்கா" என்றாள். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

சண்டையை விலக்கி, இருவரையும் உள்ளே கூட்டிப்போனார் ஜெயபாலன். அங்கே, தொற்று எப்படிப் பரவியது என்று பார்க்க வந்த சுகாதார அதிகாரி சதாசிவம் காத்திருந்தார். காளிதாஸை அவன் நாற்காலியில் உட்காரச் சொல்லி, அவன் முகத்துக்கு நேரே ஒரு சிறிய குழாயிலிருந்து வெள்ளைப் புகையை விட்டார்.

புகை பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்லை. மேலே ஏறியது. அவன் தலைக்கு மேலிருந்த ஏர்கானின் குளிர்காற்றில் சிக்கி, கூரையை ஒட்டியே நீண்டு போய், கடைசிச் சுவரில் முட்டியது. அங்கிருந்து மூலை நாற்காலியின் மேல் மெதுவாக இறங்கியது.



"இவரு அவங்க கிட்ட போகணும்னே அவசியமில்ல" என்றார் சதாசிவம். "வெளிக்காத்து வர வழியில்ல. இவரு இருமினது பூரா அங்க போய்த்தான் விழுந்திருக்கு."

ஷாமளா பக்கத்திலிருந்த மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ... இங்க, இவன் பக்கத்துல இருந்தவங்களுக்கு?"

அவள் முகத்தைக் கவனிக்காமல், குழாயைப் பைக்குள் வைத்தபடியே அவர் சொன்னார்.

"அந்தம்மா இங்க உட்கார்ந்திருந்தா பொழைச்சிருப்பாங்க."