வாசலில் நிற்பவர்

மண்டப வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு பெரியவர் வலது கண்ணுக்கு மருந்து விட்டார்.

முதல் சொட்டு மூக்கில் விழுந்தது. இரண்டாவது கண்ணில்.

இடது கண்ணுக்கு நேரமில்லை. கார்க் கதவு அறையும் சத்தம். குப்பியை மடியில் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

"பச்சைப் பட்டு. பேட்டை மதினி," என்றாள் மனைவி ஆவுடை, கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தபடி. உதடு அசையாமல் பேச அவள் பழகியிருந்தாள்.

"வாங்க மதினி. வெயிலுக்கு முன்னாடியே வந்துட்டிய."

மதினி பூரித்துப்போய் உள்ளே போனாள்.

பேத்தி கல்யாணம். அந்த வீட்டில் மூத்தவர்தான் மண்டப வாசலில் நிற்க வேண்டும். வருகிறவர்களை முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் விட்டாலோ, முறை தப்பினாலோ, வந்தவர் இலையில் கை நனைக்காமல் திரும்பிவிடுவார். அப்படி ஒருவரும் திரும்பியதில்லை. அதுதான் அந்தக் குடும்பத்தின் பெருமை.

அவருக்கு முகங்கள் தெரிவதில்லை. எல்லாம் பாலில் முக்கிய துணி போல.

மருமகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஆன்டி-ஆக்ஸிடன்ட் சொட்டு மருந்து. கண்புரையைக் கரைக்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறதாம். முன்பு ஒருநாள் காட்டியபோது கண் டாக்டர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதெல்லாம் கரைக்கும்னு நம்ப முடியாதுங்கய்யா. புரை முத்திட்டு. ஆபரேஷன்தான்."

பெரியவர் எழுந்து வந்துவிட்டார்.

கத்திக்குப் பயமில்லை. சொன்ன சொல்லுக்குத்தான் பயம்.

அப்பாவைக் கண் முகாமுக்கு அழைத்துப் போனவன் தம்பி பூதலிங்கம். கட்டை அவிழ்த்தபோது சீழ். கண் போயிற்று. "பெத்தவன் கண்ணைக் கத்திக்குக் கொடுத்த பாவி, இனி என் வாசலை மிதிக்காதே" என்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் சொன்னவர் அவர். அதற்குப் பிறகு நல்லதிலும் கெட்டதிலும் தம்பி இல்லை.

இப்போது அவரே அந்தக் கத்திக்குக் கீழே படுத்து, கண் பளிச்சென்று தெரிந்துவிட்டால்?

மருந்துதான் கரைத்தாக வேண்டும்.

மறுபடி வாழைப் பக்கம் திரும்பினார். இடது கண்ணுக்கு.

தலையை இறக்குமுன் இன்னொரு கார்.

ஆவுடை உடனே சொல்லவில்லை.

தொண்டையைச் செருமினார்.

"ஒங்க சித்தப்பா மகன். கோவில்பட்டி." குரல் இறங்கியிருந்தது.

கோவில்பட்டிக்காரன் வயதில் இளையவன். இரண்டு கைகளையும் நீட்டினார்.

"வாப்பா, வா. பிள்ளைகளெல்லாம் வந்தாச்சா?"

ஒரு கை மட்டும் வந்து பற்றியது.

ஆட்காட்டி விரல் நடுக்கணுவில் வளைந்திருந்தது.

கிணற்று ராட்டினத்தில் நசுங்கிய விரல். அந்த விரலைப் பிடித்துத்தான் தம்பியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார்.

நாகசுரம் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சுச் சத்தம் மட்டும் நின்றுபோயிற்று.

உதறினால், வாசலுக்கு வந்தவனை அவமதித்த வீடு. உதறாவிட்டால், சொன்ன சொல் செத்தது. ஆள் தெரியவில்லை என்றால்—

அப்பனுக்கும் கண்ணில்லை, மகனுக்கும் கண்ணில்லை என்று சம்பந்தி வீடு பேசும். தாலி ஏறுவதற்கு முன்பே பேசும்.

கிண்ணத்தில் ஆவுடையின் வளையல் மோதி மோதி ஒலித்தது. தம்பியை அழைத்தது யார் என்று கேட்கவே வேண்டாம்.

கண்ணில் தேங்கியிருந்த மருந்து கன்னத்தில் இறங்கியது.

"பாத்தியளா, பெரியவுக கண்ணு கலங்கிட்டு," என்றது ஒரு பெண் குரல்.

"பாறையும் ஒருநாள் கசியத்தான செய்யும்." இது ஓர் ஆண் குரல். யாரோ சிரித்தார்கள்.

அப்பாவுக்குக் கொள்ளி வைத்த அன்றுகூட அழாதவர் அவர்.

தம்பி நெருங்கினான். தோள் துண்டால் அண்ணன் கன்னத்தைத் துடைத்தான். முகத்துக்கு நேரே அவன் மூச்சு நின்றது. கண்ணைப் பார்க்கிறான்.

"மருந்தாண்ணே?" காதருகில், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவருடைய மறு கை மடியிலிருந்த குப்பியை மறைத்தது.

"எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாச்சு. போன ஆவணியில. இப்ப ஊசியில நூல் கோக்கேன்."

அவர் பிடி தளர்ந்தது. தம்பி விடவில்லை.

அழுதார் என்றே இருக்கட்டும். அதைத் திருத்த அவரிடம் ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த கார் வந்து நின்றது.

காத்திருந்தார். ஆவுடை வாய் திறக்கவில்லை. திறந்தாலும் இனி நம்பலாமா என்று தெரியவில்லை.

தம்பி அவர் பக்கமாகத் திரும்பி, தோளோடு தோளாக நின்றான்.

"தென்காசி அத்தான். வெள்ளைச் சட்டை."

எல்லாமே வெள்ளையாகத்தான் இருந்தது.

மடியில் குப்பி குத்தியது.

கை குவித்தார்.

"வாங்க அத்தான்," என்றார், அந்த வெள்ளையைப் பார்த்து.