காட்டைப் பார்த்த குழல்கள்

கனகராயன்குளத்தில் நெல் விளைவிக்கும் கமக்காரர் சங்கத்தின் மண்டபத் திறப்பு விழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட வந்த யஹ்யாவுக்குத் தலை சுற்றியது. மூன்று குழல்களில் இரண்டைக் காட்டுப் பக்கம் திருப்பச் சொன்னார் சங்கச் செயலாளர் தில்லைநாதன்.

யஹ்யா கையை வாயருகே குவித்துக் காட்டினார். “ஐயா, குழல் பார்க்கிற பக்கம்தான் சத்தம் போகும். ஊருக்குத் திருப்பினால்தான் சனம் கேட்டு வரும். அங்கால ஒரு வீடும் இல்லையே!”

“போன கூட்டத்துக்கு ஊரைப் பார்த்துத்தான் கட்டினது, யஹ்யா நானா. வந்தது ஆறு பேர். இண்டைக்கும் மண்டபம் நிறையாட்டி என்ர பதவி போயிடும். நான் சொல்லுற பக்கம் திருப்புங்கோ.”

‘எனக்கே தொழில் படிப்பிக்கிறார்’ என்று முணுமுணுத்தபடி யஹ்யா ஏணியில் ஏறினார்.

பொழுதுபட்டபோது மண்டபத்தில் நிற்கவும் இடமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பேச்சாளர் மூன்று மணி நேரம் முழங்கினார். முடித்ததும், “என்ர பேச்சு எல்லாருக்கும் வடிவாய்க் கேட்டதோ?” என்றார்.

காட்டோரத்து வயலைப் பார்த்துவிட்டு ஓடிவந்த கமக்காரப் பெண் அன்னபாக்கியம் பதில் சொன்னார்.

“நல்லாய்க் கேட்டிருக்கு, ஐயா! செயலாளரை நம்பி எல்லாரும் வயல் காவலை விட்டிட்டு வந்தனாங்கள். ஒரு யானையும் இறங்கேல்ல. நெல்லு அரிவுவெட்டு முடியுமட்டும் நிண்டு பேசுங்கோவன்!”