நாற்காலிக் கோடுகள்

"அந்த லேடி வயித்துக்குள்ள நாற்காலி தெரியுது பாரு, மரைக்கே," என்றாள் யோலாண்டா, திரையில் விரலை வைத்து.

மரைக்கே எட்டிப் பார்த்தாள். "தெரியுது. இருக்கட்டும்."

யோலாண்டாவுக்கு விளங்கவில்லை. நெதர்லாந்தின் டெவென்டர் நகரச் சமூகக் கூடத்தில் வியாழன்தோறும் அவள் நடத்தும் வாழ்த்து அட்டை வகுப்பில் முதல் பாடமே இதுதான். டிஜிட்டல் ஸ்டாம்ப் என்பது வெறும் கோட்டுப் படம். கணினியில் நாற்காலிப் படத்தின் மேல் ஆள் படத்தை வைத்தால், ஆளுக்குள்ளே நாற்காலியின் கோடுகள் ஓடும். அவற்றை அழித்தால்தான் ஆள் உட்கார்ந்திருப்பார். இல்லாவிட்டால் ஆவி மாதிரி மிதப்பார்.

மரைக்கே கெட்டிக்காரி. அப்பாவின் பிறந்த நாள் அட்டைக்காக அவள் சேர்த்திருந்த காட்சியில் மற்றதெல்லாம் கச்சிதம். அந்த ஊர்ப் பிறந்த நாள் வழக்கப்படி வட்டமாகப் போட்ட நாற்காலிகள், ஆப்பிள் கேக், காபிக் கோப்பைகள், அப்பா, அண்ணன், அவள். இவர்கள் யார் உடம்பிலும் ஒரு கோடு மிச்சமில்லை. நாய் மட்டும் அப்பாவைவிடப் பெரிதாக இருந்தது. அதைச் சுட்டிக்காட்டியபோது, எங்கள் வீட்டு நிலவரமே அதுதான் என்று சொல்லிவிட்டாள்.

அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்தான் குழப்பம்.

அந்த அப்பாவை யோலாண்டாவுக்குத் தெரியும். ஹெரிட். மனைவியை இழந்தவர். ஒரு வருடமாக யோலாண்டாவோடு சனிக்கிழமைச் சந்தைக்குப் போய், பிறகு ஆற்றங்கரையில் பேசிக்கொண்டே நடப்பவர். வரும் ஞாயிற்றுக்கிழமை தன் பிறந்த நாளுக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு நம் விஷயம் தெரியுமா என்று அவள் கேட்டாள். அவர் சந்தையில் வாங்கிய மீனை வாய் நிறைய வைத்துக்கொண்டு சொன்ன பதிலில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

அந்தப் பிள்ளைகள் தன்னை ஏற்காவிட்டால்? அந்த நாற்காலி வட்டத்தில் வேண்டாத விருந்தாளியாக உட்கார்ந்திருக்க வேண்டுமே. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ அவளால் சொல்ல முடியவில்லை. இதில், போன மாதம் அவருடைய மகளே வகுப்பில் வந்து சேர்ந்துவிட்டாள். இவளுக்குத் தெரியுமா, தெரியாதா? பேச்சிலும் பார்வையிலும் பிடியே கிடைக்கவில்லை.

"ஒரு நிமிஷ வேலைதான். நான் அழிச்சுத் தரட்டுமா?"

"வேண்டாம்." மரைக்கே திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவங்கதான் அந்த நாற்காலியில இல்லையே. இருக்கற மாதிரி காட்டினா பொய்யாயிடும்."

மவுஸை நோக்கி நீண்ட யோலாண்டாவின் கை தானாகப் பின்வாங்கியது.

இறந்துபோன அம்மா. இத்தனை நேரம் இது உறைக்கவில்லையே. அப்பாவின் பக்கத்து நாற்காலி இன்னமும் அம்மாவுக்குத்தான் என்று மகள் சொல்கிறாள். தெரிந்து சொல்கிறாளோ, தெரியாமல் சொல்கிறாளோ, பதில் ஒன்றுதான்.

காகிதம் எடுத்து வருவதாகச் சொல்லி அலமாரிப் பக்கம் போனாள். கைபேசியில், 'மன்னியுங்கள் ஹெரிட், ஞாயிற்றுக்கிழமை என்னால் வர முடியாது' என்று எழுதினாள். அனுப்ப விரல் வரவில்லை. வீட்டுக்குப் போய் அனுப்பிக்கொள்ளலாம் என்று கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தடித்த வெள்ளைத் தாளோடு திரும்பினாள்.

"புரிஞ்சுக்காம தொணதொணன்னு கேட்டுட்டேன், மன்னிச்சுக்கோம்மா. உங்க அம்மா படம் அப்படியே இருக்கட்டும். பிரிண்ட் எடுத்துடலாம்."

"எங்க அம்மாவா?"

இப்போது மரைக்கே குழம்பிப்போனாள். யோலாண்டாவின் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மவுஸை மெல்ல அவள் பக்கம் தள்ளினாள்.

"அது நீங்க. ஞாயித்துக்கிழமைக்கு அப்பாகிட்ட இன்னும் பதிலே சொல்லலையாமே, வர்றதா இருந்தா அந்தக் கோடுகளை நீங்களே அழிச்சுடுங்க."