சோபாவில் ஒரு கன்னம்

"ஆடாம உக்காரு நைனா, மொகத்துல நெழல் வுழுது."

பெண் பார்க்க வந்து சோபாவில் உட்கார்ந்த மாப்பிள்ளைக்கு என் அப்பா கொடுத்த வரவேற்பு இதுதான்.

பெண் நான். கூப்பிடும்வரை தலைகாட்டக் கூடாது என்று அறைக்குள் உட்கார வைத்திருந்தார்கள். கதவிடுக்கில் அப்பாவின் முதுகும் கம்ப்யூட்டர் திரையும் தெரிந்தன. சோபா தெரியவில்லை.

அப்பாவுக்குத் தேர்வாய் கண்டிகையில் பெயின்ட் கம்பெனி வேலை. டப்பாவில் அடைக்கும் முன், நிறம் சாம்பிள் அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். ஒத்துப்போனால் பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட். கறுப்பு, சிவப்பு என்ற பேச்செல்லாம் அவரிடம் கிடையாது. சாம்பிளும் சரக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாம்பிள், மேட்ரிமோனி தளத்தில் இருந்த மாப்பிள்ளை ஃபோட்டோ. சரக்கு, சோபாவில்.

இரண்டும் ஒத்துப்போகவில்லை.

வேறு யாராவது என்றால் மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். அப்பா நியாயஸ்தர், மெஷினைச் சந்தேகப்பட்டார். திரையின் நைட் லைட்டை அணைத்தார். பிரைட்னஸைக் குறைத்தார். பிரவுசரில் டார்க் மோடை எடுத்தார். ஜூம் ஏற்ற ஏற்ற, திரை முழுக்க ஒரு கன்னம் மட்டும் நின்றது. சோபாவைப் பார்ப்பார், திரையைப் பார்ப்பார், மானிட்டரில் ஒரு பட்டனை அழுத்துவார். இத்தனை வருஷமாக நிறத்தை மட்டுமே பார்த்த மனிதர். மூக்கு அவர் டிபார்ட்மென்ட் இல்லை.

இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் அப்புறம் நான் யாரையும் கட்டப்போவதில்லை. எந்த மனுஷன் இப்படி உட்கார்ந்திருப்பான்? அவர் எழுந்து போய்விடக் கூடாது என்று ஏசப்பாவை வேண்டிக்கொண்டே இருந்தேன்.

ஒருவழியாக அப்பா மேஜையைத் தட்டினார். "பாஸ்!"

அம்மா காபித் தட்டை என் கையில் திணித்து வெளியே தள்ளினாள்.

சோபாவில் இருந்தவரைப் பார்த்தேன். காபி சிந்தியது. இது அவரில்லை. அதை நான் எப்படிச் சொல்வது?

நல்லவேளை, வாசலில் செருப்புச் சத்தம். பூ வாங்க நின்றுவிட்ட மாப்பிள்ளை வீட்டார் அப்போதுதான் வந்தார்கள். நடுவில் தாவீது, நிஜ மாப்பிள்ளை. சோபாக்காரர் துள்ளி எழுந்தார். பழத்தட்டை முன்னால் கொண்டுவந்து வைக்கச் சொல்லி அனுப்பிய கார் டிரைவராம். ஆடாதே என்றதால் ஆடவில்லையாம்.

அப்பா அசரவில்லை. தாவீதின் கன்னத்தைப் பார்த்தார். டிரைவருக்கு ஏற்றபடி மாற்றி வைத்த திரையைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். அந்தப் பிதுக்கலுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ரிஜெக்ட்.

வந்த ஆத்திரத்தில் வாய் முந்திக்கொண்டது.

"யப்பா, ஸ்கிரீன்தான் ராங்கு! நேர்ல அவரு இந்தக் கலருதான், எனக்குத் தெரியாதா இன்னா?"

தாவீது தலையைத் தொங்கப்போட்டார். இன்றைக்குத்தான் முதல்முறை பார்த்துக்கொள்கிறோம் என்று இரண்டு வீட்டையும் நம்பவைத்திருந்தோம்.

அப்பா மவுஸிலிருந்து கையை எடுத்தார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"எந்த வெளிச்சத்துல பாத்த?"