காத்தாயி கேட்ட கல்

கடைவீதியில் பட்டாளம் சுட்டதில் காத்தாயியின் மகனோடு சேர்த்து ஒன்பது பேர் செத்தார்கள். பிணங்களைப் பட்டாளமே எங்கோ கொண்டுபோய்ப் புதைத்துவிட்டது. சுட்டது யாரென்று கேட்பாரில்லை. முதல் கல்லை எறிந்தது யாரென்று மட்டும் துரை நாள் தவறாமல் விசாரித்தார். அந்தக் கல், காகிதம் பறக்காமலிருக்க அவர் மேசைமேல் உட்கார்ந்திருந்தது.

“உன் மவன் வீராசாமி எறிஞ்ச கல்லுதானே இது?” துபாஷி கொட்டாவியோடு கேட்டார்.

இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. இன்று கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆமாங்க. அவன் கை பட்ட கல்லுதான். நாளைக்குக் கருமாதி. ஒடம்பத்தான் குடுக்கல, கல்லு ஊனி அழ இதையாவது குடுத்துருங்க சாமி.”

துபாஷி ‘ஆமாம்’ என்பதை மட்டும் இங்கிலீஷில் சொன்னார். துரை கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டுக் காகிதத்தை எடுத்தார்.