தலையசைப்பு

காசிமாயனை ஒழித்துக்கட்டாமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டிருந்தார் தர்மராஜன்.

வில்லாபுரம் பக்கத்து நூல் மில்லுக்கு மெட்ராஸிலிருந்து வந்த மேனேஜர் அவர். ஆனால் அவர் எதைச் சொன்னாலும் தொழிலாளிகள் முதலில் தங்களில் மூத்தவனான காசிமாயன் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவன் தலையாட்டிய பிறகே வேலை நடந்தது.

"இங்க மேனேஜர் நீயா, நானா?"

"நீங்கதான் சார்" என்பான் காசிமாயன். அந்தப் பணிவைப் பார்த்து அவருக்கு இன்னும் எரிந்தது.

சனிக்கிழமை ஏதோ ஒரு சாக்கில் அவன் சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பினார்.

திங்கட்கிழமை மிடுக்காக உள்ளே நுழைந்தார். "ம், மிஷினை ஓட்டுங்க!"

ஒருவரும் அசையவில்லை.

"என்ன, திமிரா?"

தொழிலாளி செல்லத்தாய் முன்னால் வந்தாள். "நீங்க பேசுற பேச்சுக்கு, வந்த மாசமே அம்புட்டுப் பேரும் வெளியேறப் பாத்தோம் சார். 'புது ஆளு, பொறுத்துப் போவோம்'னு காசிமாயண்ணன்தான் மறிச்சாரு. தினம் அவரு தலையாட்டுனது உங்களுக்காகத்தான்."

தர்மராஜன் கேட்டைத் தாண்டி ஓடினார். எதிர் டீக்கடையில் காசிமாயன் நின்றிருந்தான்.

"அண்ணே, உள்ள வாங்கண்ணே! ஒரே ஒரு தடவை தலையாட்டுங்க, போதும்."

மில்லே கேட்டருகில் கூடி நின்று பார்த்தது. காசிமாயன் டீயை நிதானமாகக் குடித்து முடித்தான். பிறகு தலையை ஆட்டினான், இடமும் வலமுமாக.